அறிவியல் விழாவில் நடுவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவள் நான். அண்மைக் காலமாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த கருவிகளோடு நிற்கும் படங்கள் அதில் அடிக்கடி வருகின்றன. செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி, ஆற்று மட்டம் ஏறினால் ஒலி எழுப்பும் கருவி, வகுப்பறை வெப்பத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் கருவி என்று விதவிதமாகச் செய்கிறார்கள். பார்க்கும்போது மனம் நிறைகிறது. இப்படிப் படம் போட்டு ஊக்கப்படுத்தும் உங்களுக்கு முதலில் நன்றி.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கருவிகளின் சின்னத் திரையில் ஓர் எண் வருகிறது. அந்த எண் எப்படி வந்தது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பிள்ளைகளும் கேட்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. நான் போய்ப் பார்த்த போட்டிகளில் நடுவர்களும் கேட்கவில்லை. பெட்டி அழகாக இருக்கிறதா, கைப்பேசியில் தெரிகிறதா, பிள்ளை தெளிவாகப் பேசுகிறதா என்பதோடு மதிப்பெண் முடிந்துவிடுகிறது. அளக்கும் கருவிக்குப் பரிசு கொடுக்கும்போது அளவைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். வேலை செய்துகொண்டே படித்து, கேலிபிரேஷன் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றேன். தொழிற்சாலையில் உள்ள மீட்டர்களும் சென்சார்களும் காட்டுவது உண்மையா என்று, அவற்றைவிட நம்பகமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதி வைப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வட்டாரப் பிள்ளைகள் சிலர் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். "ஆன்ட்டி, இது சரியா காட்டுதா, பாருங்க" என்பார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்காகத்தான்.

ஒரு பையன் வெப்பம் அளக்கும் கருவி கொண்டு வந்தான். எல்எம்35 என்ற மலிவான சென்சார், அதைப் படிக்க ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை. திரையில் 29.79 டிகிரி. கொஞ்ச நேரத்தில் 30.27. மறுபடி 29.79. காற்றாடி ஓடவில்லை, சன்னல் மூடியிருந்தது. அறையின் வெப்பம் அரை டிகிரி ஏறி ஏறி இறங்குகிறது என்று அவன் நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

உள்ளே நடப்பது இதுதான். அந்தச் சென்சார் ஒவ்வொரு டிகிரிக்கும் 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். அந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதியை ஏடிசி என்கிறோம். அவன் ஊனோ பலகையில் இருப்பது 10 பிட் ஏடிசி. அதாவது 0 முதல் 5 வோல்ட் வரை உள்ள தூரத்தை அது 1,024 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி ஏறக்குறைய 4.88 மில்லிவோல்ட். இந்தச் சென்சாரின் கணக்கில் அது கிட்டத்தட்ட அரை டிகிரி. 61-ஆவது படிக்கு 29.79 டிகிரி, 62-ஆவது படிக்கு 30.27 டிகிரி. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பலகைக்கு வேறு எண்ணே கிடையாது. உண்மையான வெப்பம் 30-ஐ ஒட்டி அசையாமல் நின்றாலும், சிக்னலில் இருக்கும் சின்ன இரைச்சல், அதாவது மின்னழுத்தத்தின் சிறு நடுக்கம், அதை ஒருமுறை கீழ்ப்படிக்கும் ஒருமுறை மேல்படிக்கும் தள்ளும். திரையில் புள்ளிக்குப் பின்னால் வந்த இரண்டு இலக்கமும் கூட்டல் பெருக்கலில் வந்தவை. அளந்து வந்தவை அல்ல.

கருவி பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய மாற்றத்தை ரெசலூஷன் என்கிறோம். அதை மேம்படுத்தப் புதுப் பலகை வாங்க வேண்டும் என்று அவசியமில்லை. வகுப்பறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. சென்சார் தருவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. அப்புறம் எதற்கு 5 வோல்ட் அகலம்? சுண்டில் அரிசி அளக்கலாம், அதே சுண்டில் உப்பை அளந்து ரசத்தில் போட முடியாது. அந்த ஊனோ பலகைக்குள்ளேயே, 5 வோல்ட்டுக்குப் பதிலாக அளவின் மேல் எல்லையாக வைத்துக்கொள்ள, 1.1 வோல்ட் குறிப்பழுத்தம் ஒன்று இருக்கிறது. நிரலில் ஒரே வரியில் அதற்கு மாறிக்கொள்ளலாம். உடனே ஒரு படி ஏறக்குறைய 0.1 டிகிரியாகச் சுருங்கிவிடும். அளக்க வந்த பொருளுக்குத் தக்க வீச்சைத் தேர்ந்தெடுப்பது, அதாவது ரேஞ்ச் பார்ப்பது, இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. நிரலில் 5 வோல்ட் என்று எழுதியிருக்கிறோம். பலகைக்கு நிஜமாகவே 5 வோல்ட் வருகிறதா? யுஎஸ்பி வயர் மெல்லியதாகவோ நீளமாகவோ இருந்தால் 4.8 வோல்ட்தான் வந்து சேரும். அப்போது அறை சரியாக 30 டிகிரியில் இருந்தாலும் திரை 31.25 என்று காட்டும். மீட்டரை எடுத்து அந்த 5 வோல்ட்டை அளந்து, வந்த எண்ணை நிரலில் எழுதினாலே போதும். உள்ளே இருக்கும் 1.1 வோல்ட்டும் அப்படித்தான். ஒவ்வொரு சில்லிலும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அளந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். கையடக்க மீட்டர் ஒன்று பள்ளியில் இருந்தால் இதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

ரெசலூஷன் நன்றாக இருந்தால் அளவு சரியாக இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. டிஎஸ்18பி20 என்று ஒரு சென்சார், எஃகுக் குழாய்க்குள் நீர் புகாமல் அடைத்து விற்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தது. அதன் ஒரு படி 0.0625 டிகிரி, மிக நுணுக்கமானது. ஆனால் தயாரிப்பாளர் தரும் உறுதி, மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரி கூடக் குறைய இருக்கலாம் என்பதுதான். ஒரே மேசையில் இரண்டு சென்சார்களை வைத்தால் ஒன்று 28.0625 என்றும் மற்றொன்று 28.6250 என்றும் காட்டலாம். இரண்டும் தங்கள் உறுதிக்குள்தான் இருக்கின்றன. படி எவ்வளவு சிறியது என்பது ஒரு கேள்வி. உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கான பதில் கருவிக்குள்ளே கிடைக்காது. வெளியிலிருந்து நம்பகமான ஒன்றைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி ஒரு பிளாஸ்கில் நிறைய போட்டு, இடுக்குகள் நிரம்புமளவு சுத்தமான தண்ணீர் ஊற்றி, கலக்கி, சில நிமிடம் விட்டுச் சென்சாரை நடுவில் நிறுத்தினால் 0 டிகிரி காட்ட வேண்டும். 0.4 காட்டினால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். கேலிபிரேஷன் என்பதன் அடிப்படை அவ்வளவுதான். கொதிநீரில் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பார்க்கலாம், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் தண்ணீர் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். அதே தண்ணீர் 800 மீட்டருக்கு மேல் இருக்கும் பினாங்குக் கொடிமலை உச்சியில் ஏறக்குறைய 97 டிகிரியிலும், கேமரன் மலை தானா ராத்தாவில் 95 டிகிரியை ஒட்டியும் கொதித்துவிடும். பள்ளி எங்கே இருக்கிறது என்பதும் அளவீட்டில் சேர்த்திதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது தொடர்பான விஷயம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் விரலைக் குத்தி அளக்கும் மீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற பன்னாட்டுத் தரம் 2013-இல் திருத்தப்பட்டது. அதன்படி லிட்டருக்கு 5.55 மில்லிமோலுக்கு மேலே உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் 15 விழுக்காடு கூடக் குறைய இருக்கும் எல்லைக்குள் வந்தால் போதும். காலையில் 8.1, உடனே மறுபடி குத்தினால் 7.6 என்று வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பல நாள் எழுதி வைத்த அளவுகளை மருத்துவரிடம் காட்டுவதுதான் பயனுள்ளது.

அடுத்தது சேம்பிளிங். கருவி இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. விட்டு விட்டுப் பார்க்கிறது. விநாடிக்கு எத்தனை முறை பார்க்கிறது என்பதுதான் சேம்பிளிங் ரேட். இதில் கவனம் பிசகினால் இல்லாத ஒன்றைக் கருவி இருப்பதாகக் காட்டிவிடும். அதை என் வீட்டு மேசையிலேயே பார்த்தோம்.

இடைநிலைப் பள்ளி மாணவி ஒருத்தி, மோட்டார் அதிர்வை அளக்கும் கருவியோடு வந்தாள். பம்பு மோட்டாரின் தாங்கி, அதாவது பேரிங், தேய்ந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்பது அவள் யோசனை. நல்ல யோசனை, தொழிற்சாலைகளில் தினமும் நடப்பது. மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்று சுற்றுவது. விநாடிக்குக் கணக்கிட்டால் 24-க்குச் சற்று மேல். அவளுடைய நிரல் விநாடிக்கு 25 முறை அதிர்வைப் படித்தது. வரைபடத்தில் விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவான, நிதானமான, அழகான ஓர் அலை தெரிந்தது. மேசை மெதுவாக ஆடுகிறது என்று முடிவு கட்டி, மேசைக் கால்களுக்கு ரப்பர் வைத்துப் பார்த்திருக்கிறாள். அலை போகவில்லை.

நிரலை மாற்றி விநாடிக்கு 20 முறை படிக்கச் சொன்னேன். மோட்டாரைத் தொடவில்லை, மேசையைத் தொடவில்லை. அந்த நிதானமான அலை இப்போது விநாடிக்கு நாலு தடவைக்கு மேல் ஆடியது. மேசையின் ஆட்டம் உண்மையென்றால் நாம் பார்க்கும் வேகத்தை மாற்றியதும் அது ஏன் மாற வேண்டும்? பிறகு விநாடிக்கு 200 முறை படித்தோம். மோட்டாரின் 24 அதிர்வும் அப்படியே தெரிந்தது, பொய் அலை மறைந்துவிட்டது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்போ முன்னாடி வந்தது எல்லாம் சும்மாவா, ஆன்ட்டி?" என்று கேட்டாள். சும்மா இல்லை. 24 அதிர்வு ஒவ்வொன்றிலும் சற்றே தள்ளித் தள்ளி ஒரு புள்ளியை எடுத்துக் கோத்ததால் உருவான போலி அலை அது. இதை அலையாசிங் என்பார்கள்.

ஒரு சிக்னலைச் சரியாகப் பிடிக்க, அதில் இருக்கும் மிக வேகமான அதிர்வைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சேம்பிள் எடுக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் என்ற பொறியியலாளர் 1928-இல் தந்தி சிக்னல்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படை இருக்கிறது. கிளாட் ஷானன் 1949-இல் இதை முழுமையாக நிறுவினார். குறுந்தட்டில் விநாடிக்கு 44,100 சேம்பிள் இருப்பதற்கும் இதுவே காரணம். மனிதக் காது அதிகபட்சம் ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை கேட்கும், அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆனால் இரண்டு மடங்கு என்பது கணிதத்தின் எல்லை. அலையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால் நாங்கள் பத்து மடங்கு வரை போவோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போலி அலை ஒருமுறை எண்களுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு எந்த நிரலாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. உண்மை அலையும் போலி அலையும் எண்ணாக மாறியபின் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் வேகமான அதிர்வுகளை வடிகட்டும் ஃபில்டர் ஏடிசிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் கணினியில் எவ்வளவு மென்மைப்படுத்தினாலும் பலன் இல்லை. எட்டு சென்சார்களை ஒரே ஏடிசியில் மாட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் விநாடிக்கு 1,00,000 சேம்பிள் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் எல்லாச் சேனலுக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொன்றுக்கும் 12,500-தான் கிடைக்கும்.

வேகமாகப் படிப்பதே எப்போதும் நல்லது என்றும் இல்லை. டிஎச்டி11 என்ற ஈரப்பத சென்சாரை விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்டுப் பயனில்லை. புதிய அளவு அதனிடம் இருக்காது.

மெதுவான எண்ணுக்கும் ஓர் எடுத்துக்காட்டு நம் எல்லோர் வாழ்விலும் இருக்கிறது. புகைமூட்டக் காலத்தில் உங்கள் நாளிதழ் வெளியிடும் ஐபியு என்கிற காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு. 50 வரை நல்லது, 100 வரை மிதம், அதற்கு மேல் ஆரோக்கியக் கேடு, 300-ஐத் தாண்டினால் அபாயம் என்று நமக்கு மனப்பாடம். 2013 ஜூனில் மூவாரில் 746 வரை போய் அவசரநிலை அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். 2018-இல் பிஎம்2.5 என்ற மிக நுண்ணிய தூசியையும் கணக்கில் சேர்த்தார்கள். எண் மணிக்கு ஒருமுறை வெளிவருகிறது. ஆனால் தூசிக்கான கணக்கு கடந்த 24 மணி நேரச் சராசரி. அதனால்தான் காலையில் திடீரென்று கொம்தார் கட்டடமே தெரியாத அளவுக்குப் புகை சூழும்போதும் எண் மெதுவாக ஏறுகிறது. மழை பெய்து வானம் தெளிந்த பிறகும் உடனே இறங்குவதில்லை. அரசாங்கம் எண்ணை மறைக்கிறது என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நானும் பார்த்திருக்கிறேன். சராசரி எண் அப்படித்தான் நகரும். குறியீட்டைப் போடும்போது "24 மணி நேரச் சராசரியைக் கொண்டது" என்று ஒரு வரி சேர்த்தால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

சென்சாரும் பலகையும் நன்றாக இருந்து வயரில் எல்லாம் கெட்டுப்போவதும் உண்டு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீன மூத்தவர் ஒருவர், அளவு தப்பாக வந்தால் கருவியைத் திறக்கவே மாட்டார். முதலில் வயர் எந்த வழியாகப் போகிறது என்று நடந்து பார்ப்பார். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது. சென்சார் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் அந்த 50 நம் சிக்னலிலும் ஏறிக்கொள்ளும். கிரவுண்ட் என்கிற பொது இணைப்பு இரண்டு இடத்தில் இணைந்தால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி அதில் மின்னோட்டம் ஓடும். அதனால்தான் பொதுவாக இந்தச் சென்சார் வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் இணைப்போம். சிறிய சிக்னல் என்றால், ஒரு வயரைக் கிரவுண்டோடு ஒப்பிட்டு அளக்காமல், இரண்டு வயருக்கும் இடையிலான வித்தியாசத்தை அளப்போம். இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடும்.

பிள்ளைகள் வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழி ஒன்று உண்டு. 50 அதிர்வின் ஒரு முழு அலைக்கு 20 மில்லிவிநாடி ஆகும். அந்த நேரம் முழுவதும் பல முறை படித்துச் சராசரி எடுத்தால் மேலே போனதும் கீழே போனதும் ஈடாகிவிடும். நல்ல மீட்டர்கள் உள்ளே இதைத்தான் செய்கின்றன. அமெரிக்காவில் மின்சாரம் 60 அதிர்வு. அங்கிருந்து வரும் கருவி 60-க்கு அமைத்தபடியே இருந்தால் இங்கே எண் தள்ளாடும். அமைப்பை 50-க்கு மாற்றியதும் நின்றுவிடும்.

அமெரிக்கக் கருவி என்றதும் இன்னொன்று. இரண்டு உலோக வயர்களை இணைத்து வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளில் அவர்களுடைய முறைப்படி சிவப்பு வயர்தான் நெகட்டிவ். மற்ற எல்லா வேலையிலும் சிவப்பைப் பாசிட்டிவாகப் பார்த்துப் பழகிய கை இதில் மாற்றி மாட்டிவிடும். அடுப்பு சூடாகச் சூடாக எண் இறங்கும். பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். கே ரகத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட்தான் தரும். 5 வோல்ட் வீச்சில் ஊனோ பலகையின் ஒரு படிக்கு ஏறக்குறைய 120 டிகிரி வெப்பம் மாற வேண்டும். நேரடியாக மாட்டவே முடியாது, சிக்னலைப் பெருக்கும் சில்லு நடுவில் வேண்டும். பிடி100 சென்சார் வேறு மாதிரி, வெப்பம் ஏறினால் அதன் மின்தடை ஏறும். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். போய் வரும் வயரின் தடை ஒரு ஓம் இருந்தாலே அளவு இரண்டரை டிகிரிக்கு மேல் கூடிவிடும். அதற்காகத்தான் மூன்று வயர், நான்கு வயர் என்று வைத்து வயரின் தடையைக் கழிக்கிறார்கள்.

திரையில் வரும் எண் சில நேரம் அளவே இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். மேலே சொன்ன டிஎஸ்18பி20 மின்சாரம் வந்தவுடன், இன்னும் ஒன்றும் அளக்காமலேயே 85 டிகிரி என்று வைத்திருக்கும். வயர் கழன்றால் பிள்ளைகள் வழக்கமாகப் பயன்படுத்தும் நிரல் நூலகம் மைனஸ் 127 என்று கொடுக்கும். இவை கருவியின் நிலையைச் சொல்லும் குறிகள். மீன் தொட்டிக் கருவி ஒன்றின் வரைபடத்தில் நடு இரவில் 85 டிகிரிக்கு ஒரு கூர்முனை ஏறியிருந்தது. மின்சாரம் ஒரு கணம் போய் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எதுவும் மாட்டாத அனலாக் முனையும், அதாவது பலகை மின்னழுத்தம் படிக்கும் முனையும், பூஜ்யம் காட்டாது. வாய்க்கு வந்த எண்களைக் காட்டும். தொழிற்சாலைகளில் இந்தக் குழப்பத்துக்கு வெகுகாலம் முன்பே ஒரு வழி கண்டார்கள். அழுத்தமானாலும் நீர்மட்டமானாலும் சிக்னலை 4 முதல் 20 மில்லியாம்பியர் மின்னோட்டமாக அனுப்புவது. 4 என்றால் தொட்டி காலி, 12 என்றால் பாதி, 20 என்றால் நிறைந்தது. 0 வந்தால் வயர் அறுந்துவிட்டது. காலித் தொட்டியும் அறுந்த வயரும் ஒரே எண்ணாக வருவதே இல்லை. எவ்வளவு நல்ல ஏற்பாடு!

2017 நவம்பரில் பினாங்கில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, வெள்ள எச்சரிக்கைக் கருவி செய்யும் பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்ப வரும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடும் சென்சார். நிரலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று எழுதியிருக்கும். நம் ஊர் மதிய வெயிலில், 32 டிகிரி காற்றில், அது ஏறக்குறைய 350. சென்சாரிலிருந்து இரண்டு மீட்டர் கீழே இருக்கும் தண்ணீரை 194 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கருவி சொல்லும். தண்ணீர் ஏறாமலேயே 6 சென்டிமீட்டர் ஏறிவிட்டதாக ஆகிவிடும். பக்கத்திலேயே ஒரு வெப்ப சென்சாரை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். உயிர் சம்பந்தப்பட்ட கருவி என்பதால் இதைச் சாதாரணமாக விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதையெல்லாம் ஏன் ஒரு தமிழ் நாளிதழுக்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் ஹியூலெட் பேக்கர்ட் ஒன்று. அதன் அளவீட்டுக் கருவித் தொழில்தான் பின்னாளில் கீசைட் ஆனது. கணினியில் மாட்டித் தரவு சேகரிக்கும் அட்டைகளுக்குப் பெயர்பெற்ற நேஷனல் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸும் இங்கே இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவின் தொழிற்சாலைகளில் உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது பொலிடெக்னிக் முடித்து நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள். "16 பிட் ஏடிசி, மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரை, ஒரு படி எவ்வளவு?" என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். 16 பிட் என்றால் 65,536 படி; 20 வோல்ட்டை அதனால் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 0.3 மில்லிவோல்ட். கணக்கு கடினமில்லை. சின்ன வயதில் காதில் விழுந்திருந்தால் தயக்கம் இருக்காது. இந்தத் தயக்கத்தால் நல்ல பிள்ளைகள் வாய்ப்பை இழப்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

எனவே சில வேண்டுகோள்கள். உங்கள் மாணவர் பக்கத்தில் கருவியின் படத்தோடு, அது எதை, எந்த வீச்சில், எவ்வளவு நுணுக்கமாக, விநாடிக்கு அல்லது நிமிடத்துக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதையும் இரண்டு வரியில் போடுங்கள். பிள்ளையிடம் கேட்டால் சொல்லும். சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த வாரம் தெரிந்துகொண்டு வந்து சொல்லும்.

அறிவியல் விழா நடத்துவோர் மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் சேர்க்கட்டும்: "இந்த எண் சரி என்று எப்படிச் சோதித்தாய்?" பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், 0.4 கூடக் காட்டியது, கழித்துவிட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், நாலு தசம இலக்கம் காட்டும் கருவியைவிட அந்தப் பிள்ளைக்கு அதிக மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு: பத்து சென்சார் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, கேலிபிரேஷன் சான்றிதழோடு வரும் ஒரு நல்ல வெப்பமானியை வாங்கி வையுங்கள். சான்றிதழில் தேதியும், எந்த ஆய்வுக்கூடம் என்பதும், அளவில் எவ்வளவு ஐயப்பாடு என்பதும் இருக்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தின் கருவிகள் அதற்கும் மேலான கருவிகளோடு ஒப்பிடப்பட்டு, படிப்படியாகச் சிப்பாங்கில் இருக்கும் தேசிய அளவியல் கழகம் வரை போய்ச் சேரும். ஒரு பள்ளியின் சின்ன சென்சாருக்கும் அந்தத் தொடர்ச்சி கிடைக்கும். வெப்பமானியைப் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுங்கள், உடைந்தால் அடுத்த ஆண்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இந்த விஷயங்களைப் பாகம் பாகமாக, படத்தோடு, மாணவர்களுக்குப் புரியும்படி எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் எந்தத் தமிழ்ப்பள்ளி அழைத்தாலும் சனிக்கிழமை காலையில் வருவேன். பனிக்கட்டியும் பிளாஸ்கும் நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கேலிபிரேஷன் டெக்னீஷியன்,
பாயான் பாரு, பினாங்கு